காலுக்கு ஏலாது

எங்கள் பக்கத்தில் நோய்நொடியில் ஏலாமல் கிடப்பவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். தோடம்பழமோ பிஸ்கட் பெட்டியோ கொண்டுவருவார்கள். நல்ல பழக்கம், சேர்.

என் மகள் நிவேதிகா தடைதாண்டல் ஓட்டக்காரி. மாகாணப் போட்டியில் கடைசித் தடையில் கால் தட்டி முகங்குப்புற விழுந்தாள். எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, நடந்தே எல்லைக்கோட்டைக் கடந்தாள். எனக்குப் பின்னால் இருந்த ஒருவன், "யோகலிங்கத்தாற்ற மகள் கோயில் சுத்துறா போல" என்றான். சிரித்தார்கள்.

அவள் அழவில்லை. திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் கேட்டாள். "அடுத்தமுறை பாப்பம், அப்பா" என்றாள். நான் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தேன். பயிற்றுவிப்பாளர் முனீப், கிண்ணியாக்காரர், மரியாதையான மனிதர். "ஐயா, தோத்தத புள்ள தாங்கிட்டா. நீங்கதான் தாங்க ஏலாம நிக்கிறீங்க" என்றார்.

வாசலில் கேட்டவர்களுக்கு, "பிள்ளைக்குக் காலுக்கு ஏலாது" என்றேன். தோற்றவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏலாதவளைப் பார்த்து யார் சிரிப்பார்? அன்று மாலையே தோடம்பழம் வந்தது. ஓம், ஆறுதலாக இருந்தது.

மறுநாள் மகள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க, உட்துறைமுக வீதியில் ஓடப் போய்விட்டாள். பழம் கொண்டுவந்த கமலாதேவி ரீச்சர் கண்டுவிட்டா. "என்ன அண்ணை, ஏலாத கால் பறக்குது?" என்று படலையில் நின்று கேட்டா. நான் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். என் சொல்லை அதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

யாரிடமும் கெஞ்சாத நான் மகளிடம் கெஞ்சினேன். கொஞ்ச நாளைக்கு நொண்டி நட என்றேன்.

"ஏலாது, அப்பா. விழுந்ததுக்கு எனக்கு வெக்கமில்லை."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மத்தியானம் அவள் உறங்கும்போது குசினியிலிருந்து அம்மிக் குழவியைக் கொண்டுவந்தேன். காலை மெல்லத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் வைத்தேன். மெத்தையில் இருந்தால் இரண்டாம் முறையும் அடிக்க வேண்டிவரும், பிள்ளைக்கு நோகும். அவள் விழிக்கவில்லை. சிறுவயதிலிருந்து தூக்கிய கை அல்லவா.

இனி ஓட ஏலாது என்றார் டொக்டர். வீடு நிறையத் தோடம்பழம். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தது வேறொன்றுக்காக, சேர். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். அதை அழித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை.