சுபேதார் இன்னும் வரவில்லை

எல்லை காத்த ஏந்தலே! எங்கள் ஆலை காத்த அண்ணலே! விசில் ஊதியே எங்களை வரிசையில் நிறுத்திய வீரரே! பெருமதிப்பிற்குரிய சுபேதார் சண்முகசுந்தரம் அவர்களே! வணக்கம்.

இம்மடலின் முதற்படியில் தங்களை 'முன்னாள் சுபேதார்' என்று அச்சிட்டுவிட்டோம். சிவப்பு மையால் அடித்தீர்கள். "பட்டம் பேருக்கு முன்னால அப்படியே நிக்கும். பேருக்குப் பின்னாலதான் 'ஓய்வு'ன்னு போடணும். ஓய்வு எனக்குத்தான், பட்டத்துக்கு இல்ல" என்றீர்கள். அதிகாரிக்கும் ஜவானுக்கும் நடுவில் நின்று, தன் ஆட்களுக்குத் தானே பொறுப்பேற்பவர்தான் சுபேதார் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

படைப்பணி முடித்து வந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இவ்வாலையின் காவலைப் பதினான்கு ஆண்டுகள் கட்டிக் காத்த கண்ணியமே! காலை ஆறுக்குத் தாங்கள் பெயர் கூப்பிட, காவலர்களான நாங்கள் "ஆஜர்" என்போம். "கலையலாம்" என்று தாங்கள் சொல்லும்வரை கொசு கடித்தாலும் அசைய மாட்டோம்.

மூன்றாண்டுக்கு முன், ஐப்பசி மழையில், "நான் வர்ற வரைக்கும் பின்வாசலை விட்டு நகராத" என்று எங்களில் ஒருவரான கள்ளிக்குப்பம் ஆனந்தனிடம் சொல்லிவிட்டு, வெள்ளம் புகுந்த கிடங்குக்கு ஓடினீர்கள். பின்வாசல் மதில் அவர்மேல் சரிந்தது. அவர் நகரவில்லை.

அதன்பின் தாங்கள் பின்வாசல் பக்கம் போனதேயில்லை. ஆனால் பட்டியலில் அவர் பெயரை அடிக்கவுமில்லை. நாள்தோறும் கூப்பிட்டு, ஒரு நொடி காது கொடுத்து நின்றுவிட்டே அடுத்த பெயருக்குப் போனீர்கள். துக்கம் என்று நினைத்தோம்.

சென்ற தையில் தங்கள் விடுப்பின்போது, தங்களுக்குப் பதிலாகக் காவலர் கோபி பெயர்களைக் கூப்பிட்டார். ஆனந்தனை விட்டுவிட்டார். பின்வாசலிலிருந்து குரல் வந்தது: "இன்னா அண்ணாத்தே, என் பேரை உட்டுட்ட?" அத்தனை பேரும் கேட்டோம். போய்ப் பார்த்தால், காய்ந்த சிமெண்ட் தரையில் இரண்டு பூட்ஸ் தடங்கள் ஈரமாக இருந்தன. கோபி "கலையலாம்" என்று சொல்லிப் பார்த்தார். ஈரம் இன்றுவரை காயவில்லை.

ஆலை உணவகத்தில் வேலை செய்யும் ஆனந்தனின் மனைவி பூங்காவனத்திடம் சொன்னோம். அவர் வியக்கவில்லை. "சுபேதார் ஐயா இன்னும் அங்க வரலியேப்பா. அவரு வந்து சொன்னாத்தான் அது ஊட்டுக்கு வரும்" என்றார்.

அஞ்சா நெஞ்சரே! நாளை முதல் அந்தப் பெயரைக் கூப்பிடத் தாங்கள் இருக்கமாட்டீர்கள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட, அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தங்கள் பட்டத்துக்கு ஓய்வில்லை என்றால், அந்த உத்தரவுக்கும் ஓய்வில்லை. மாலையும் சால்வையுமாக ஆவடிக்கு வண்டி ஏறுமுன் பின்வாசலுக்கு வாருங்கள். பூங்காவனம் துண்டோடு அங்கே நிற்கிறார்.

நோயின்றி நூறாண்டு நிம்மதியாக வாழ்க! தாங்கள் வந்து "கலையலாம்" என்று சொன்னதும் நிரப்பிக்கொள்ள, கீழே ஒரு பேருக்குப் பின்னால் இடம் விட்டிருக்கிறோம்.

தங்கள் ஆட்கள்,
கோபி
காவலர் பதின்மர்
பூங்காவனம்
ஆனந்தன் (            )