நடுங்குன இடத்தத் தொடல

இல்லக்கா, கிறுக்கெல்லாம் பிடிக்கல. பஸ்ல ஹெட்போன மாட்டிக்கிட்டுத் தானாச் சிரிச்சா அப்படித்தான் தெரியும். இந்தாங்க, ஒரு பக்கத்த நீங்க காதுல வைங்க. கேக்குதா? கீபோர்டு. சர்ச்சுல வாசிக்கிற ஒரு பையன் வாசிச்சது. இதச் சரி பண்றதுதான் என் வேலை. ராஜபாளையத்துல, வீட்டுலயே லேப்டாப்ப வச்சுக்கிட்டு. என்ன, தெரிஞ்ச கை மாரி இருக்கா? இருக்கும், இருக்கும்.

ஒவ்வொரு கட்டையையும் எம்புட்டு அழுத்துனான்னு கம்ப்யூட்டர் நம்பர் போட்டுக் காட்டிரும்க்கா. மெதுவாத் தொட்டா சின்ன நம்பர், ஓங்கிக் குத்துனா பெரிய நம்பர். இவன் ஓங்கித்தான் குத்துவான்! மொத தடவை நான் என்ன செஞ்சேன், அம்புட்டையும் எம்பதுன்னு ஒரே மட்டமா ஆக்கி அனுப்பிட்டேன். பாட்டு பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாரி ஆயிருச்சு. ஏங்க, எம் பாட்ட இஸ்திரி போட்டுட்டீங்களேன்னு போன்ல கத்துதான்! அப்பல்லாம் ங்க போட்டுத்தான் பேசுவான்.

பொறவுதான் எனக்குப் பிடிபட்டுச்சு. ரொம்ப ஓங்குனதக் கொஞ்சம் எறக்கணும், கேக்காததக் கொஞ்சம் ஏத்தணும். ஆனா எது பெருசு, எது சிறுசுங்கிறது அவன் வாசிச்ச மாரியே இருக்கணும். மேடு பள்ளம் இருந்தாத்தானக்கா ஆளு வாசிச்சதுன்னு தெரியும்?

போன வாரம் இத அனுப்புனான். கல்யாணப் பொண்ணு சர்ச்சுக்குள்ள நடந்து வாரப்ப வாசிக்கிறது. நடுவுல கை நடுங்கிருச்சு, அத மட்டும் சரி பண்ணிருன்னான். இந்தா, அந்த எடந்தான் வருது... கேட்டீங்களா? அவன்ட்ட போன்ல பேசுறப்ப, மைக்கு சரியா இருக்கான்னு பாக்க நான் ஒரு மெட்டு முணுமுணுப்பேன். அதத் தூக்கி நடுவுல வச்சிருக்கான்க்கா! நம்பர் பூரா தாறுமாறு. அறுவதுங்குது, நூத்திப்பத்துங்குது, முப்பதுங்குது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துருச்சு.

ரெண்டு கட்டை மட்டும் காதக் கிழிச்சுச்சு, அத லேசா எறக்குனேன். நடுக்கத்தத் தொடவே இல்ல.

யாரு கல்யாணம்லேன்னு கேட்டேன். தேதிய நீ சொல்லுட்டின்னான்!

சிரிக்காதீங்கக்கா, வில்லங்கமே இனிமேத்தான். எங்க வீட்டுல சாமி வேற. எங்கப்பா மொறைச்சுக்கிட்டே சரின்னுட்டாரு. அவன் அம்மாட்ட சொல்லத்தான் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கிடுதாம். அவிய மாட்டேன்னுட்டா விட்டுருவோம்னு ரெண்டு பேரும் பேசிட்டோம். பேசிட்டோமே தவிர, எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. நாமளே போய்க் கேட்டுருவோம்னு இன்னைக்குக் கெளம்பிட்டேன்.

அந்தா, வில்லிபுத்தூர் கோபுரம் தெரியுது. இன்னும் செத்த நேரந்தான். அந்தப் பையக் குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன். சனிக்கெழம மார்க்கெட்டுக்கு வந்துட்டு இந்த பஸ்லதான் திரும்புவீங்கன்னு உங்க ஜெபின்தான் சொன்னான். அக்கான்னு கூப்பிட்டதுக்குக் கோவிச்சுக்கிடாதீங்க, என்னன்னு ஆரம்பிக்கன்னு தெரியல.

தேதிய நீங்களே சொல்லுங்க, அத்தை.