மத்திக்காரங்க

லோயிக்: குனிடா! தான்கி, குனி! எதிர்க்காத்துல இப்படியா மாரை விரிச்சுக்கிட்டு சைக்கிள் ஓட்டுவ?

தான்கி: குனிஞ்சுதாண்ணே இருக்கேன்... இதுக்கு மேல குனிஞ்சா ரோட்டைத்தான் நக்கணும்.

லோயிக்: நக்கு! ஜெயிக்கிறவன் நக்கலாம், தப்பில்ல.

அர்மெல்: ஏங்க, ரேடியோல ஏன் அப்படிக் கத்துறீங்க? பாவம், காதுல மாட்டியிருக்கான்ல?

லோயிக்: நீ காரைப் பாத்து ஓட்டு அர்மெல். அவன் பின்சக்கரத்துல போய் இடிச்சு வைக்காத.

அர்மெல்: இந்த டீம் ஆரம்பிச்ச நாள்லருந்து நான்தான் ஓட்டுறேன். இதுவரைக்கும் இடிச்சது ஒரே ஒரு பசுமாடு. அதுவும் மாட்டு மேலதான் தப்பு.

தான்கி: அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்...

லோயிக்: நீ பேசாத! மூச்சை மிச்சம் பிடி!

அர்மெல்: தான்கி, ஏதாவது தின்னியாப்பா? சட்டை முதுகுப் பையில வெண்ணெய் கேக் வெச்சு விட்டேனே.

தான்கி: தின்னுட்டேன் அண்ணி... மழையில ஊறிக் கஞ்சியாப் போச்சு. குடிச்சேன்னு வெச்சுக்கோங்க.

லோயிக்: கேக் கதை அப்புறம். இடைவெளி ரெண்டு நிமிஷம். கேட்டுச்சா? கும்பல் ரெண்டு நிமிஷம் பின்னால வருது.

தான்கி: இன்னும் ரெண்டா?

லோயிக்: குறையவே இல்ல. எனக்கே புரியல. தனியா ஒருத்தன் போறான், பின்னால அம்புட்டுப் பெரிய டீமும் என்ன, தூங்குதா?

தான்கி: தூங்கட்டும்ணே. நீங்க கத்தி எழுப்பிராதீங்க.

லோயிக்: கொழுப்புடா உனக்கு! ஏத்தம் வருது. கியரைக் குறை. எந்திரிச்சு நிக்காத... உக்காந்தே மிதி... ஆங், அப்படித்தான்.

அர்மெல்: ...பட்டனை விட்டாச்சா?

லோயிக்: விட்டுட்டேன். நாம பேசுறது அவனுக்குக் கேக்காது. ஏன்?

அர்மெல்: காலையிலருந்து உங்க மூஞ்சி சரியில்ல.

லோயிக்: மழை.

அர்மெல்: வருஷம் பூரா மழை பெய்யுற பிரெத்தாஞ்ல பொறந்தவருக்கு மழையால மூஞ்சி சுருங்குதாக்கும். சொல்லுங்க.

லோயிக்: கெர்த்ரெல் போன் பண்ணாரு. காலையில.

அர்மெல்: முதலாளியா?

லோயிக்: இனிமே முதலாளி இல்ல. மீன் பாக்டரிய வித்துட்டாரு. வாங்கினவனுக்கு சைக்கிளும் வேணாம், நாமளும் வேணாம். இன்னிக்கி ரேஸோட... முடிஞ்சுது. டீமே முடிஞ்சுது அர்மெல்.

அர்மெல்: வளைவு வருது, இருங்க... ம். பசங்களுக்குத் தெரியுமா?

லோயிக்: சொல்லல. எப்படிச் சொல்றது? காபிக் கிண்ணத்துல ரொட்டியை முக்கிக்கிட்டு, ஒருத்தன் காலை ஒருத்தன் வாரிக்கிட்டு சிரிச்சிட்டு இருந்தானுங்க. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். ஒரு ரேஸாவது மனசுல பாரம் இல்லாம ஓட்டட்டும்.

அர்மெல்: உங்களுக்குப் பொய் சொல்ல வராதே.

லோயிக்: அதான் விடிஞ்சதுலருந்து திட்டிட்டே இருக்கேன். திட்டுறவன் மூஞ்சிய யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க.

தான்கி: அண்ணே... ஏறிட்டேன்ணே. மேல வந்துட்டேன்.

லோயிக்: பாத்தேன் பாத்தேன்! பெருசா மலை ஏறிட்ட மாதிரி பேசுற! ஒரு கோயில் மேடு அது! இறக்கத்துல பிரேக்கைத் தொடாத... இல்ல, தொடு. ஈரமா இருக்கு. தொட்டுத் தொட்டு விடு.

தான்கி: தொடவா, வேணாமா?

லோயிக்: உன் இஷ்டம்! விழுந்து கிழுந்து வெச்ச, கொன்னுடுவேன்!

அர்மெல்: பாத்துப் போப்பா.

தான்கி: சரி அண்ணி.

அர்மெல்: ...விட்டாச்சா?

லோயிக்: ம்.

அர்மெல்: மொத வருஷம் ஞாபகமிருக்கா? எந்த ஊர்க்காரனும் ரேஸுக்கே கூப்பிடல.

லோயிக்: கூப்பிட்டாங்களே ஒரு ஊர்ல. சட்டையைப் போட்டுப் போய் நின்னா... தகர டப்பா மாதிரி வெள்ளி நிறம், முதுகு பூரா மத்தி மீன் படம்.

அர்மெல்: “மத்தி வருது, மூக்கைப் பொத்து”ன்னு கத்தினானுங்க பாருங்க.

லோயிக்: இன்னும்தான் கத்துறானுங்க. நம்ம பசங்க பூராவும் வேற டீம்ல கழிச்சு விட்டவங்கதானே... ஒருத்தனுக்கு முட்டி போச்சு, ஒருத்தனுக்கு வயசாச்சு, இந்தத் தான்கிக்கு வேகம் பத்தாது. கழிச்சதையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவுல அடைச்சோம்.

அர்மெல்: மத்தியை வேற எப்படி வைக்கிறதாம்?

லோயிக்: சிரிக்க வைக்காத... இப்ப வேணாம்.

அர்மெல்: போன வருஷம் நம்ம இவோன் ஒரு ரேஸ் ஜெயிச்சானே. மேயர் பரிசுன்னு பன்னிக்குட்டியைத் தூக்கிக் கையில குடுத்தாரு.

லோயிக்: நம்ம டீமோட ஒரே ஜெயம். அந்தக் குட்டி வீடு வர்ற வரைக்கும் இதே பின்சீட்ல உக்காந்துக்கிட்டு ஒரே கத்து.

அர்மெல்: உங்களை விட அது கம்மியாத்தான் கத்துச்சு. கொல்ல விட்டேனா நான்? இப்ப பாருங்க, கொட்டகைக் கதவுல நுழைய மாட்டேங்குது.

லோயிக்: ...அர்மெல், தான்கிக்கு முப்பத்தி மூணு வயசு. இனி இவனை யாரு எடுப்பா? அவன் மாமனாரோட பால் வண்டியைத்தான் ஓட்டணும். வருஷக் கணக்கா ரேஸ்ல அடுத்தவனுக்குத் தண்ணி பாட்டில் சுமந்தவன். ஒரு தடவையாவது ரேஸ் முடியுற கோட்டைத் தாண்டும்போது ஜெயிச்சுக் கையைத் தூக்கிருக்கானா?

அர்மெல்: கண்ணைத் துடைங்க. அவன் திரும்பினா கண்ணாடி வழியா தெரியுதோ என்னமோ.

தான்கி: அண்ணே? என்னண்ணே சத்தமே இல்ல?

லோயிக்: என்ன சத்தம் வேணும் உனக்கு, பேண்டு வாத்தியமா? இடைவெளி ஒண்ணரை நிமிஷம்! மிதி!

தான்கி: பின்னால நம்ம பசங்க?

லோயிக்: அதைத்தான் இப்ப ரேஸ் ரேடியோல சொன்னாங்க. கும்பலுக்கு முன்னால போய் ரோட்டை அடைச்சுக்கிட்டு மெதுவா ஓட்டுறானுங்களாம்! இவோன், முட்டிக்காரன், எல்லாரும்! துரத்துறவனுக்கு வழியே விடல. நான் சொல்லவே இல்லையே... யாரு சொல்லிக் குடுத்தா இவனுங்களுக்கு?

தான்கி: ...தெரியலண்ணே.

அர்மெல்: ரோட்டைப் பாருப்பா. ஊர் வந்தாச்சு.

லோயிக்: இப்பக் கேளு. ரொட்டிக்கடை தாண்டி வலது பக்கம் வளைவு, அப்புறம் நேர் ரோடு, கடைசியில கோடு. இடைவெளி குறையுது... முக்கா நிமிஷம். அரை. திரும்பிப் பாக்காத! பாக்காதன்னா பாக்காத!

தான்கி: கால்... காலு வரலண்ணே...

லோயிக்: வரும்! கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிடு, வரும்! தான்கி! என் ராசா! இன்னும் கொஞ்சம்...

அர்மெல்: ஏங்க, நம்மளை ஓரம் கட்டச் சொல்றாங்க. கும்பல் வந்துருச்சு.

லோயிக்: மிதிடா! மிதி... மிதி...

அர்மெல்: நம்மளைத் தாண்டிட்டாங்க.

லோயிக்: புடிச்சிட்டானுங்க.

அர்மெல்: ஆமா.

லோயிக்: கோடு தெரிஞ்சுது அர்மெல். அவனுக்குக் கோடு கண்ணுல தெரிஞ்சுது.

அர்மெல்: வாங்க. காரை நம்ம டீம் பஸ் பக்கத்துல நிறுத்துறேன். அதோ வர்றான் பாருங்க. இறங்குங்க, நான் துண்டை எடுக்குறேன்.

தான்கி: எத்தனாவதுண்ணே நானு?

லோயிக்: கணக்கே எடுக்கல. அந்தக் கடைசி வளைவுல ஏன்டா எந்திரிச்சு நின்ன? எத்தனை தடவை சொல்லிருக்கேன்? அடுத்த தடவை... அடுத்த...

தான்கி: சொல்லுங்கண்ணே.

லோயிக்: தான்கி, ஒரு விஷயம். காலையிலேயே சொல்லிருக்கணும். இந்த டீமு...

தான்கி: பாக்டரிய வித்துட்டாங்க. இன்னிக்கோட முடிஞ்சுது.

லோயிக்: ...பட்டன் அழுந்திக் கிடந்துச்சா?

அர்மெல்: இல்லங்க. குளியலறைக்குள்ள தண்ணியைத் தொறந்து விட்டு போன் பேசினா எனக்குக் கேக்காதா? நீங்க சவரம் முடிச்சு வர்றதுக்குள்ள பசங்ககிட்ட சொல்லிட்டேன்.

லோயிக்: அப்ப கார்ல... இப்பத்தான் கேக்குற மாதிரி...

அர்மெல்: நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். துண்டால தலையைத் துவட்டுப்பா, சளி பிடிக்கும்.

லோயிக்: எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சே சிரிச்சிட்டு இருந்தானுங்களா? தெரிஞ்சுமா இந்த மழையில தனியா முன்னால போன? ஜெயிச்சாலும் நாளைக்குப் போட்டுக்கச் சட்டை கிடையாது... அப்புறம் எதுக்குடா?

தான்கி: ஜெயிக்கிறதுக்குப் போகலண்ணே. பசங்க எல்லாரும் சேந்துதான் முடிவு பண்ணோம். கும்பலோட கிடந்தா உங்க கார் பின்வரிசையில ஊர்ந்துகிட்டே வரும்... நீங்க நாள் பூரா வாயை மூடிக்கிட்டு யோசிச்சுட்டே இருப்பீங்க. ஒருத்தன் முன்னால போயிட்டா காரும் கூட வரும்ல? அதான் போனேன்... உங்களுக்குத் திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல அண்ணே.