பலகையில் இல்லாத படங்கள்

பட அட்டைகளின் மூலைகளை நான் வட்டமாகத்தான் வெட்டுவேன். மூலை கூராக இருந்தால் விரலில் குத்தும். மூளையில் அடிபட்டவர்களுக்குப் பல சமயம் ஒரு பக்க விரல்களில் உணர்வு இருக்காது. குத்தினாலும் தெரியாது, ரத்தம் வந்த பிறகு வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். பதினொரு வருடங்களில் என் அட்டை யார் விரலையும் கீறியதில்லை. நீங்கள் எழுதித் தரச் சொன்னது இதைப் பற்றி அல்ல என்று தெரியும். இதிலிருந்து தொடங்குவது எனக்கு எளிதாக இருக்கிறது.

நான் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பேச்சு திரும்பாதவர்களுக்குப் படப்பலகை செய்து தருவேன். ஒரு பலகையில் நாற்பது படங்கள். தண்ணீர், கழிவறை, மனைவி, குளிர், வலி. பின்னால் வெல்க்ரோ ஒட்டியிருக்கும். பிய்த்து எடுக்கலாம், மேசைமேல் வரிசையாக வைக்கலாம். பலகையில் இருப்பதை அவர்களால் சொல்ல முடியும். இல்லாததைச் சொல்ல முடியாது. எதை ஒட்டுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்வது என் வேலை. வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை.

கிரேன்காரர் தலையில் ரத்தக்குழாய் வெடித்து வந்தவர். எங்கள் வார்டில் அவரைக் கிரேன்காரர் என்றுதான் அழைத்தோம். இருபத்திரண்டு வருடங்கள் கிரேன் ஓட்டியிருக்கிறார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாம் பேசுவது அவருக்கு நன்றாகப் புரியும். திருப்பிச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ஆமா. பசிக்கிறதா என்றாலும் ஆமா, சாப்பிட்டாயிற்றா என்றாலும் ஆமா.

"அவர் ஆமான்னு சொன்னா அதை அப்படியே எடுத்துக்காதீங்க. அது தானா வர்றது," என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

அவர் மனைவி சிரித்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து எதைக் கேட்டாலும் இல்லன்னுதான் டீச்சர் சொல்வாரு. இப்ப ஆமா போடுறாரு. முன்னாடியே போட்டிருந்தா எத்தனை ஊர் சுத்திப் பாத்திருப்பேன்."

கிரேன்காரரும் சிரித்தார். பாதி முகத்தால்.

நான்கு மாதங்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒரு நேரத்தில் ஒரு படம்தான் எடுப்பார். ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்தால் வாக்கியம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்காகத்தான் இருவரும் பாடுபட்டோம். ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதினேன். எழுதும்போது வருத்தமாகத்தான் இருந்தது.

ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவரை மாற்றி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. உதவியாளர் வரவில்லை. ஒருவருக்கு அரை மணி நேரம்தான். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார். நானே தூக்கினேன். இடது சக்கரத்தைப் பூட்டியிருந்தேன். வலதைப் பூட்டினேனா என்று யோசித்தபோது நாற்காலி நகர்ந்துவிட்டது. அவர் வலப்பக்கமாக விழுந்தார். பெரிய சத்தம் இல்லை.

தூக்கி உட்காரவைக்கப் பத்து நிமிடம் ஆனது. சட்டையைத் தட்டிவிட்டேன். தலையைச் சீவிவிட்டேன். அவர் ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். மீதி நேரத்துக்குப் பயிற்சியும் செய்தோம்.

விழுந்ததை ஏன் சொல்லவில்லை என்று விசாரணையில் கேட்டீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே போல ஒரு அம்மாள் என் அறையில் விழுந்தார். அப்போது எழுத்தில் எச்சரித்தார்கள். இன்னொரு முறை என்றால் வேலை போகும். நான் போனால் இங்கே பேச்சுப் பயிற்சிக்கு ஆள் இல்லை. அந்த மாதம் என்னிடம் பதினான்கு நோயாளிகள். ஒருவர் விழுந்ததை நான் சொல்லாமலிருந்தால் பதினான்கு பேருக்கு நல்லது. கிரேன்காரரும் அந்தப் பதினான்கில் ஒருவர்.

மறுநாள் அவர் பலகையிலிருந்து மூன்று படங்களை எடுத்தார். முதலில் என் புகைப்படம். அடுத்து நாற்காலி. அடுத்து, விழுகிற மனிதன். மேசைமேல் வரிசையாக வைத்தார், இடது கையால், கோணாமல். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாப் பண்ணீங்க," என்றேன். சரியாகச் செய்தால் பாராட்டுவது என் பழக்கம்.

அப்போது அவர் மனைவி உள்ளே வந்தார். கிரேன்காரர் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து மேசையைக் காட்டினார்.

"என்ன டீச்சர் சொல்றாரு?"

"பயம்மா. விழுந்துடுவோமோன்னு பயப்படுறாரு."

"டீச்சர் பக்கத்துலயே இருக்காங்க. அப்புறம் என்னங்க பயம்?" என்று மனைவி அவர் தோளைத் தட்டினார்.

விழுகிற மனிதனை அன்றைக்கே எடுத்துவிட்டேன். இடம் காலியாக இருந்தால் கேள்வி வரும். அங்கே ஒரு குடைப் படத்தை ஒட்டினேன். எட்டாம் தேதி நாற்காலியை எடுத்தேன். ஒன்பதாம் தேதி என் புகைப்படத்தை. வலியை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அதை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அவர் வேறு எதையும் தொடவில்லை. காலையிலிருந்து மாலை வரை வலி, வலி, வலி. "ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார், பயிற்சிக்கு இடைஞ்சல்" என்று எழுதிவிட்டு அதையும் எடுத்தேன். மூளையில் அடிபட்டவர்கள் சில சமயம் ஒன்றையே பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். அது உண்மை. நான் எழுதியவை எல்லாம் பொதுவாக உண்மைதான்.

அவரை நடக்கப் பழக்குபவரின் அறை என் அறைக்கு அடுத்தது. நடுவில் பலகைத் தடுப்புதான். அவர் கிரேன்காரரைத் தினமும் பதினொரு மணிக்குக் கம்பிகளைப் பிடித்து நிற்கவைப்பார். ஆமா, ஆமா என்று கேட்கும். "அப்படித்தான், அப்படித்தான், இன்னும் ரெண்டு நிமிஷம்," என்று அவர் உற்சாகப்படுத்துவார். அந்த நேரத்தில் நான் இன்னொருவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் தேதி டாக்டர் வந்தபோது மனைவி சொன்னார், "நிக்கவச்சா ரொம்பக் கத்துறாரு டாக்டர். முன்னாடி இப்படி இல்ல."

டாக்டர் குனிந்து கேட்டார். "என்ன பெரியவரே, எங்கயாவது விழுந்தீங்களா?"

"ஆமா," என்றார் கிரேன்காரர்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு யோசிக்க நேரம் இல்லை.

"பறந்தீங்களான்னு கேட்டுப் பாருங்க டாக்டர்," என்றேன்.

"பறந்தீங்களா?"

கிரேன்காரர் வாயை இறுக மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"ஆமா."

டாக்டர் சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவர் டம்ளரைத் தள்ள ஆரம்பித்தார். மேசை விளிம்புவரை மெதுவாக நகர்த்துவார். என்னைக் காட்டுவார். டம்ளரைத் தள்ளிவிடுவார். விழுந்ததும் தன் இடுப்பைத் தொடுவார். மனைவி துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனார். "ஏங்க என் உயிரை வாங்குறீங்க? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று ஒரு நாள் தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுததைப் பார்த்து இவரும் அழுதார். "பொருள்களை வீசுகிறார், கோபம் அதிகம்" என்று எழுதினேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பெரும்பாலும் தூங்கினார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. அவருக்கும் ஓய்வு கிடைத்தது.

இருபத்தைந்தாம் தேதி அவருடன் வேலை பார்த்த ஒருவர் வந்தார். கைகாட்டி என்று பட்டப்பெயர். கீழே நின்று கையால் சைகை காட்டுவது அவர் வேலை. மேலே கூண்டிலிருந்து அதைப் பார்த்துத்தான் கிரேன்காரர் இரும்பை இறக்குவார். எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் கேட்டதில்லை.

"என்ன மாப்ள, ஒரேயடியா படுத்துட்ட? உன் கூண்டுல இப்ப ஒரு பொடிப்பய உக்காந்திருக்கான். கொக்கியை என் தலைக்கே இறக்குறான்," என்றார் அவர்.

கிரேன்காரர் கண்ணைத் திறந்தார். இடது கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கி நீட்டிச் சுழற்றினார். பிறகு உள்ளங்கையைப் படுக்கையில் ஓங்கி அடித்தார். இடுப்பைத் தொட்டார். மறுபடியும் சுழற்றினார், அடித்தார், தொட்டார்.

கைகாட்டியின் முகம் மாறியது. "தங்கச்சி, விரலைச் சுத்துறது கீழ இறக்குன்னு அர்த்தம். இவன் விழுந்திருக்கான்."

"இல்லண்ணே. அவரு இப்ப எதையெதையோ பண்றாரு," என்றார் மனைவி.

"மாத்திரையால கை தானா ஆடும்," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். "இருபது வருஷம் இவன் தொங்கவிட்ட இரும்புக்குக் கீழ நின்னவன்மா நான். இவன் கை தானா ஆடுதா, சொல்லுதான்னு எனக்குத் தெரியாதா?"

அன்று மாலை எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு எலும்பில் முதலில் விரிசல்தான் இருந்திருக்கும் என்றார் எலும்பு டாக்டர். பத்தொன்பது நாள் அதன்மேல் நிற்கவைத்ததில் முறிந்து விலகியிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்தது. இனி நிற்க மாட்டார்.

புதிதாக வந்த பயிற்சியாளர் நாற்பது படங்களும் உள்ள பலகையை அவர் முன் வைத்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் கையைத் தூக்கவில்லையாம். மனைவி அவர் விரலைப் பிடித்து ஒவ்வொரு படமாகத் தொடவைத்தாராம். "இதாங்க? இதா? ஏதாவது சொல்லுங்க, நான் கேக்குறேன்." விரலை விட்டதும் கை மடியில் விழுந்ததாம். ஆமா என்பதும் நின்றுவிட்டதாம்.

எடுத்த நான்கு படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் விழவைத்தேன். மறைத்தேன். அவர் சொன்னது முதல் நாளே எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றும் புரிந்தது. இதில் எதையும் மறுக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். ஏழாம் தேதி பதிவேட்டில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அன்று அவர் மூன்று படங்களைச் சேர்த்து ஒரு முழு வாக்கியம் சொன்னார். நான்கு மாதம் நான் கொடுத்த பயிற்சியின் பலன் அது. தயவுசெய்து அதை மட்டும் திருத்திவிடுங்கள்.