ஸ்பெயின் வில்லாவின் திறப்பு தொடர்பாக அருந்தவன் கூறியது

பெயர்: சின்னையா அருந்தவன். வயது: 61. முகவரி: மல்கிரேவ், மெல்பேர்ன். தொழில்: முதியோர் இல்லப் பராமரிப்பாளர். பதியப்பட்டது: பொலிஸ் நிலையத்தில், 2025 ஒக்டோபர் 9, பிற்பகல் 2.40. மொழிபெயர்ப்பாளர் மீனாம்பாள் உடனிருந்தார்.

இன்று முற்பகல் பதினொரு மணியளவில் கிரான்பர்னில் ஒரு வீட்டின் குசினி யன்னலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் காணப்பட்டவர் நான்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்த வீடு என் தங்கை ரஞ்சினியுடையது.

எனக்கும் ரஞ்சினிக்கும் பாரிஸில் வசிக்கும் தம்பி தேவராஜாவுக்கும் ஸ்பெயினில் மத்தியதரைக் கடலோரமாக ஒரு வில்லா உண்டு. பதினொரு வருடங்களுக்கு முன் சேர்ந்து வாங்கினோம். மற்ற இருவருக்கும் தெரியாமல் ஒருவர் போய்த் தங்கிவிடக் கூடாது என்பதற்காக கதவுக்கு ஒரேயொரு திறப்பை (சாவியை) மட்டும் வைத்துக்கொண்டு, அதை ரஞ்சினி வீட்டுச் சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் மாட்டினோம். அதன் பின்னர் ஒருவரும் அங்கு போகவில்லை. வில்லாவிலிருந்து கடல் தெரியுமா என்று உத்தியோகத்தர் கேட்டார். விற்பனை விளம்பரத்தில் தெரிகிறது.

இந்த வருடம் விற்பதென முடிவானது. வாங்குபவர் யன்னலால் எட்டிப் பார்த்தே பிடித்துவிட்டது என்றார். திறப்பு இம்மாதம் 17ஆம் திகதிக்குள் அங்குள்ள முகவரிடம் சேர வேண்டும். பூட்டை மாற்றுவதென்றால் மூவரும் கையொப்பமிட வேண்டும், இருவர்தான் இட்டோம், தேவராஜா இடவில்லை.

திறப்பை எடுத்துச் செல்லக் கூரியர் ஊழியர் வந்த நாள் சரஸ்வதி பூசை. அன்று ஆயுதங்களைப் பூசையில் வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் குடும்பத்தில் ஆயுதம் என்று இருப்பவை திறப்புகள்தான். கார்த் திறப்புகளும் வில்லாத் திறப்பும், அவசரத்துக்கென ரஞ்சினி என்னிடம் தந்திருந்த அவருடைய வீட்டுத் திறப்பும் ரஞ்சினியின் சாமியறையில் ஒரே தட்டில் இருந்தன. பூசையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பதால் ஊழியரைத் திருப்பி அனுப்பினோம், கார்த் திறப்பின்றி நானும் அன்றிரவு அங்கேயே தங்கினேன். "ஸ்பெயின்காரன் ஒருநாள் பொறுப்பான் அண்ணா, சரஸ்வதி பொறுக்கமாட்டா" என்று ரஞ்சினி கூறினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊழியர் மீண்டும் வந்தார். எல்லாத் திறப்புகளிலும் சந்தனம் தடிப்பாகப் பூசப்பட்டிருந்தது. நான் வழித்துப் பார்க்கப் போனபோது, "துடைக்காதேங்கோ, வாங்கிறவனுக்கும் நல்லது நடக்கட்டும்" என்று ரஞ்சினி தடுத்தார். நான் ஒன்றை எடுத்து உறையிலிட்டுக் கொடுத்தேன். அதன் பின்னர் வேலைக்குப் பிந்தியதால் என் கார்த் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ரஞ்சினி அன்று பின்னேரமே ஒரு சாமத்திய வீட்டுக்காக (பூப்பு நீராட்டு விழா) சிட்னி, நார்த்மீட்டுக்குப் போய்விட்டார்.

இன்று காலை முகவரின் மின்னஞ்சல் வந்தது. கதவு திறக்கவில்லை என்றும் திறப்பில் காய்ந்திருக்கும் மஞ்சள் பசை என்னவென்றும் கேட்டிருந்தார். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது அது ரஞ்சினியின் வீட்டுத் திறப்பு என அறிந்தேன். அப்படியானால் வில்லாத் திறப்பு ரஞ்சினியின் வீட்டுக்குள் இருந்தது.

தங்கையிடம் சொல்லியிருக்கலாமே என்று உத்தியோகத்தர் கேட்டார். பதினொரு வருடமாக முருகன் தொலைக்காததை நான் ஒரு காலையில் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. குப்பைத் தொட்டியில் ஏறி யன்னலால் உள்ளே போனேன். சாமியறையில் திறப்பை எடுத்தேன், கும்பிட்டேன். அதன் பின்னர் கதவு உள்ளிருந்தும் திறப்பின்றித் திறக்காது என்பதால் கதிரை வைத்து ஏறி வெளியே வரும்போது இடுப்பளவில் அகப்பட்டேன். பக்கத்து வீட்டார் அறிவித்துப் பொலிஸார் வந்தனர். கையில் திறப்பு இருக்கும்போது ஏன் கதவால் வரவில்லை என்று கேட்டனர். இது ஸ்பெயின் வீட்டின் திறப்பு என்றேன். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டனர்.

அதன் பின்னர் உத்தியோகத்தர் ரஞ்சினிக்குத் தொலைபேசி எடுத்தார். எங்கள் பேச்சை மொழிபெயர்ப்பாளர் பெயர்த்துச் சொன்னார்.

"அண்ணாட்டை என்ர வீட்டுத் திறப்பு இருக்கு, அவர் ஏன் யன்னலாலை ஏறுறார்? முழங்கால் வருத்தக்காரன், கோயில் படியே ஏறமாட்டார். நீங்கள் பிடிச்சது வேற ஆள்."

"ரஞ்சி, நான்தான்" என்றேன்.

"குரலும் அவரின்ர குரல் மாதிரியே இருக்கு. இப்ப இப்பிடித்தான் ஏமாத்துறாங்கள், சேர் கவனம்" என்று கூறி இணைப்பைத் துண்டித்தார். அதன் பின்னர் அழைப்பை எடுக்கவில்லை.

என் பெயரோடு அப்பாவின் பெயரும் ரஞ்சினியின் பெயரோடு கணவரின் பெயரும் இருப்பதால், உடன்பிறந்தவர்கள் எனக் காட்டச் சாரதி அனுமதிப்பத்திரமும் உதவவில்லை. தங்கை தந்த திறப்பைக் காட்டினால் விட்டுவிடலாம், இல்லையேல் வீடுடைப்புக் குற்றம் பதியப்படும் என்று உத்தியோகத்தர் கூறினார். குற்றம் பதியப்பட்டால் முதியோர் இல்லத்தில் என்னை வைத்திருக்கமாட்டார்கள்.

நிலையத்திலிருந்தே முகவருக்கு எழுதினேன். அங்கே நேரம் விடியற்காலை என்றாலும் உடனே பதில் வந்தது. அந்தத் திறப்பு வில்லாவின் திறப்பாகப் பதியப்பட்டுவிட்டதாம். சரியான திறப்பு கிடைத்த பின்னரே அதைத் திருப்பி அனுப்புவார்களாம். சரியான திறப்பு இப்போது சான்றுப் பொருளாக உறையிலிடப்பட்டு முத்திரை வைக்கப்பட்டுள்ளது. மற்றத் திறப்பைக் காட்டும்வரை அதைத் தரமாட்டார்கள்.

தேவராஜாவுக்கு அறிவித்தேன். "பொலிஸிட்டையே இருக்கு? அப்ப பரவாயில்லை அண்ணா, ஒருத்தரும் எடுக்கேலாது" என்றார்.

மேலே உள்ளதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். விளங்குகிறதா என்று உத்தியோகத்தர் கேட்டார். விளங்கவில்லை, ஆனால் அத்தனையும் உண்மை என்று கூறி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. அருந்தவன்