ஜெனரலின் பயணக் கணக்கு

டொரொண்டோவில் அன்று காலை அந்தப் பஸ்ஸில் ஐந்து பேர் இருந்தோம்: ஓட்டுநர், தூங்கி வழிந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், யாழ்ப்பாணத்து அக்காவும் தம்பியும், அவர்களுக்குப் பின்னால் நான். அக்காவின் கையில் ஆபிரிக்காவிலிருந்து வந்த கடிதம் இருந்தது. அவள் கணவர் அங்கே அரசாங்கக் கணக்காளராம்.

“அத்தான் ஜெனரலிட்டையே விளக்கம் கேட்டு எழுதிப்போட்டாராம்,” என்றாள்.

“எந்த ஜெனரல்? நாட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறவனோ?”

“ஓமடா. வெளிநாடு போக முற்பணம் எடுத்தவன், ஒரு பற்றுச்சீட்டும் குடுக்கேல்லையாம்.”

“அக்கா, அவன் மந்திரியளையே காணாமல் பண்ணுறவன்! பட்டாளத்திலை குத்துச்சண்டை போட்டு மேலை வந்தவனுக்குப் பற்றுச்சீட்டு என்னத்துக்கு?”

“நானும் இதைத்தான் எழுதினன். அதுக்கு அவர், ஜெனரல் எண்டால் விதி மாறுமோ எண்டு கேட்டிருக்கிறார்.”

“பிளேன் ரிக்கெற் அனுப்பினதுதானே? உடனை ஏறி வரச் சொல்லுங்கோவன்.”

“ஃபைலை மூடாமல் வரமாட்டாராம். ஜெனரலுக்கு நினைவூட்டல் கடிதமும் அனுப்பிட்டாராம். இது ரெண்டாவது.”

“ரெண்டாவதோ!”

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனது தெரிந்தும் மணிக் கயிற்றை இழுக்கவில்லை.

தம்பி குரலைத் தாழ்த்தினான். “அப்பிடி எவ்வளவு காசக்கா? நானே அவன்ரை பேரிலை கட்டிவிடுறன். அத்தான் உயிரோடை வந்தால் போதும்.”

அவள் கடிதத்தை மறுபடி விரித்து, விரலை வைத்து வாசித்தாள்.

“நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு சிலிங், ஐம்பது சதம்.”