இத்தாலியில ஒரு சிவப்புப் படகு

இன்னொரு கரண்டி தண்ணி ஊத்தட்டுமாம்மா? கல்லு ஆறிப்போச்சு பாரு. பொதுச் சௌனாவுல, நாலு பேரு ஆவி பிடிக்கிற எடத்துல, கேக்காம ஊத்துனா தப்பு, அதான் கேக்குறேன். தலைய ஆட்டுனல்ல? போதும். ஸ்ஸ்ஸ்... ஆங்! இப்பதான் உடம்புல ஏதோ ஏறுது. இந்த நீச்சல்குளத்துக்காரங்க அடுப்பை ஒழுங்கா மூட்டுறதே இல்ல.

எதுல விட்டேன்? ஆமா, எரிமலை. எம் பொண்ணு பிஹ்லாவுக்குப் பதினஞ்சு வயசு. அவளை, வாடி கோடை லீவுக்கு வெளிநாடு போலாம்னு கூப்பிட்டா, எரிமலை பாக்கணும்ங்குது. மரம் கெடையாது, தண்ணி கெடையாது, ஒரு குருவி உக்கார எடம் கெடையாது. என்னைக்கோ எரிஞ்சு சாம்பலாக் கெடக்கு. அதுல பாக்க என்னடி இருக்கு பிஹ்லான்னா, "அதுதாம்மா இயற்கை"ங்குறா. எரிஞ்சதெல்லாம் இயற்கைன்னா நான் வைக்கிற குழம்புச் சட்டியில வாரம் ரெண்டு தடவை இயற்கைதான்.

நீ பேசவே மாட்டேங்குற. பரவால்ல, பேச வேணாம். லிஃப்ட்டுல இன்னொரு ஆள் நின்னா படியேறிப் போற சனம்தானே நம்ம வடதேசத்துச் சனம். நான் சாவோ சீமைப் பக்கம்மா, எங்களுக்கு மட்டும் வாய் கொஞ்சம் நீளம். சாவோக்காரி வாயத் தொறந்தா பொறுப்பு கேக்குறவ தலையிலன்னு ஒரு பேச்சே உண்டு. அதனால நீ கவனமாக் கேட்டுக்க. அப்புறம் துயிரெ அப்படிச் சொன்னா இப்படிச் சொன்னான்னு என்மேல வரக்கூடாது. துயிரெ நான்தான்.

ஒப்பந்தம் என்னன்னா, ஊரு அவ பாத்து எடுக்கணும், இயற்கை எடம் நான் பாத்து எடுக்கணும். லீவுல ஆளுக்குப் பாதி. நியாயந்தானே? அவ ஊரு பாத்தா. இத்தாலியில நேப்பிள்ஸ், அந்த எரிமலைக்குப் பக்கத்துல. ஏன்டி அங்க போவணும்னு கேட்டேன். சத்தமா இருக்குமாம்! தெருவுல நின்னு கத்துவாங்களாம், ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் துணி காயப்போடுவாங்களாம், ஸ்கூட்டரு காலை உரசிட்டுப் போகுமாம். நம்ம வீட்டுல சத்தமே இல்லையாம். நான் ஒருத்தி இவ்வளவு பேசிக்கிட்டு இருக்கேன், சத்தமே இல்லைங்குது! கேட்டா, "நீ பேசுறது சத்தம் இல்லம்மா, அது வானிலை. வரும், அதுபாட்டுக்குப் போகும்"ங்குறா.

ஜூலை மாசம் அங்க முப்பத்தஞ்சு டிகிரி. முப்பத்தஞ்சு! மனுஷன் இருப்பானாம்மா அந்தச் சூட்டுல? மூச்சு விட முடியுமா? சொல்லு பாப்போம். இரு, ஒரு கரண்டி ஊத்திக்கறேன்... ஸ்ஸ்ஸ்... ஹா.

பாத்தியா, அந்த ஓரத்துப் பலகையில உக்காந்திருந்த அம்மா எறங்கிப் போறாங்க. இப்பல்லாம் யாருக்கும் சூடு தாங்குறதில்ல.

என் பாதிக்கு வரேன். சும்மா இல்லம்மா, ராவும் பகலும் தேடுனேன். பனிமலை பாத்தேன், ஏறணும்ங்குறான், என் முட்டி ஒத்துக்காது. கடற்கரை பாத்தேன், ஒருத்தர் துண்டு மேல ஒருத்தர் துண்டு. பக்கத்து ஆளு முகத்தைப் பாத்து வணக்கம் சொல்லணும் போல இருக்கு. அதெல்லாம் இயற்கையா? கடைசியில இத்தாலிக்கு வடக்கு ஓரமா, மலையடிவாரத்துல ஒரு எடம் சிக்குச்சு. ஏரிக்கரை. மரக்கட்டை வீடு. சுத்தி வெள்ளைப் பட்டை பிர்ச் மரம். குட்டியா ஒரு சௌனா, அங்கேர்ந்து நேரா தண்ணிக்குள்ள போற மரப்பாலம். கக்கூஸ் கூட வெளியில, கொல்லையில, நம்ம வழக்கப்படி! இத்தாலியில இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருக்காவது தெரியுமா? நான் கண்டுபிடிச்சேன். வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன், வாசப்படியில உக்காந்தா சூரியன் தண்ணிப் பக்கமா எறங்குமான்னு. எறங்கும்னாரு. உடனே பிடிச்சுட்டேன்.

நேப்பிள்ஸ்லேர்ந்து கொஞ்சம் தூரம். கொஞ்சம்னா... பகல் பூரா ரயில். அதனால நேப்பிள்ஸுக்கு ஒரு ராத்திரி ஒதுக்கினேன். எரிமலை அதுல அடங்கல, என்ன செய்யறது. சத்தம் கேக்க ஒரு ராத்திரி போதாதா?

பிஹ்லாகிட்ட வீட்டுப் படத்தைக் காட்டுனேன். பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. நான் நெனச்சேன், பொண்ணு மயங்கிட்டான்னு. போனைத் திருப்பி என் கையில குடுத்துட்டு, "அம்மா, இது அப்பாவோட ஏரி"ன்னா.

அப்பான்னா இல்ப்போ. நாங்க பிரிஞ்சாச்சும்மா. சண்டையெல்லாம் கெடையாது, நம்ம ஊருல யாரு சண்டை போடுறா? ஒக்காந்து பேசி எழுதிக்கிட்டோம். ஏரிக்கரை வீடு அவரு தாத்தா கட்டுனது. அதனால ஏரி அவருக்கு, காபி மெஷினு எனக்கு. நல்ல மெஷினுதான். பாலை நுரைக்க வைக்கும்.

பிஹ்லா வருஷா வருஷம் பாதி லீவு அங்கதான், அப்பாகூட. "அதே மரம், அதே பாலம், அதே கொசு. ரெண்டு விமானம் மாறிப் போய் அதையே பாக்கணுமா? படகு கூட சிவப்பும்மா"ங்குறா. இருக்கட்டுமே! ஒலகத்துல இன்னொரு படகு சிவப்பா இருக்கக்கூடாதா? நான் என்ன படகைப் பாத்தா எடம் பிடிச்சேன்?

இதுக்கு நடுவுல, சந்தையில ஸ்ட்ராபெரி விக்கிற கடையில இவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, ஜூலை பூரா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். இங்க வரும்போது கார்ல சொல்றா, "நீ ஏரிக்குப் போம்மா. நான் ஸ்ட்ராபெரிக்குப் போறேன்." கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு கத்தியிருப்பேன். சாதாரணமாச் சொன்னா. அடுத்த கோடையில சிநேகிதிங்க, கூடாரம், பாட்டுக் கச்சேரின்னு போயிடுவா. அம்மாகூட வர்ற லீவு இதுதான் கடைசி. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய் ஸ்ட்ராபெரிகிட்டயா விட்டுக்குடுக்கறது?

ஊத்தட்டுமா? ஊத்திட்டேன். ஸ்ஸ்ஸ்ஸ்...

சின்னதுல எப்படி இருப்பா தெரியுமா? அவரு ஏரியில, அந்தச் சிவப்புப் படகுல நான் துடுப்புப் போடுவேன், அவ எதிர்ல உக்காந்து வாய் மூடாமப் பேசுவா. ஆமாம்மா, அவதான்! நான் ம் கொட்டிக்கிட்டு இருப்பேன். நம்புவியா? நான், ம் மட்டும்! எல்லாம் எரிமலைக் கதைதான். எந்த மலை எப்ப வெடிக்கும், கல்லு எப்படி உருகும், பக்கத்துல ஏரி இருந்தா மீனு வெந்துடுமான்னு. கரை வந்தப்புறமும் எறங்க மாட்டா. இன்னொரு சுத்து போம்மாம்பா. கை வலிக்கும், போவேன்...

படகைத்தாம்மா பாத்தேன். அந்த இத்தாலிப் படத்துல முதல்ல படகைத்தான் பாத்தேன். மரம், பாலம் எல்லாம் அப்புறந்தான் கண்ணுல பட்டுச்சு.

என்ன, எறங்குறியா? அடப்பாவமே, முகமெல்லாம் தக்காளியாட்டம் ஆயிடுச்சே. சொல்லக்கூடாதா? நான்தான் ஊத்திக்கிட்டே இருந்தேன், ஆமா, நான்தான். சரி, போ போ, கதவைச் சாத்திட்டுப் போ.

ஏம்மா, ஒரு நிமிஷம்! வெளியில காபிக்கடைப் பக்கம், சட்டையோட சேந்த தொப்பியத் தலையில இழுத்து விட்டுக்கிட்டு, பன்னைப் பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்கும். ஏரி வீட்டுக்காரருக்கு வேணாம்னு நான் எழுதிக்கறேன், அது என் பாடு. ஆனா இதை அவகிட்ட நானே போய்ச் சொன்னா, பேசிப் பேசியே கெடுத்துடுவேன். நீ ஒரு எட்டுப் போய்ச் சொல்லிடு தாயி. ஸ்ட்ராபெரிக்காரங்களுக்கு இன்னும் பதில் போட்டுடாதே, அந்த எரிமலை ஆறிடுச்சா, இல்ல உள்ள இன்னும் சூடு இருக்கான்னு உங்கம்மா கேக்குறாங்கன்னு சொல்லு.